பிறர் மண்ணில் ஒரு போர்: ரஷ்யாவும் ஜப்பானும் 1904–05இல் எதற்காக மோதின, யார் விலை கொடுத்தார்கள்

1904 பிப்ரவரியிலிருந்து 1905 செப்டம்பர் வரை ரஷ்யாவும் ஜப்பானும் நடத்திய போரில் ஒரு தரைச்சண்டைகூட ஜப்பானிய மண்ணில் நடக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் சகலின் தீவில் நடந்ததை விட்டுவிட்டால், பெரிய தரைச்சண்டை எதுவும் ரஷ்ய மண்ணிலும் நடக்கவில்லை. பீரங்கிகள் உழுதவை சீனாவுக்குச் சொந்தமான மஞ்சூரியாவின் சோள வயல்கள். ஜப்பானியப் படைகள் முதலில் வந்து இறங்கியது கொரியாவின் துறைமுகத்தில். சீனாவும் கொரியாவும் தாங்கள் நடுநிலை வகிப்பதாக அறிவித்திருந்தன. அந்த அறிவிப்பை இரண்டு பேரரசுகளும் பொருட்படுத்தவில்லை.

இந்தியாவில் இந்தப் போர் வேறு விதமாகவே நினைவில் நிற்கிறது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று நவீன ஆயுதங்களோடு எதிர்கொண்டு வென்றது என்ற செய்தி அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்குப் பெரும் நம்பிக்கை அளித்தது. இங்கிலாந்தில் படிக்கச் சென்ற 15 வயது ஜவாஹர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயிலில் சுஷிமா கடற்போரின் செய்தியைப் படித்து மகிழ்ந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மகிழ்ச்சி போலியானதல்ல. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மகிழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்தப் போரின் பாதி வரலாறு, அதிலும் கொரியாவின் வரலாறு, காணாமல் போய்விடுகிறது. நேருவே பிற்காலத்தில் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களில் அதைத் திருத்தி எழுதினார்: ஆக்கிரமிக்கும் வல்லரசுகளின் கூட்டத்தில் இன்னொன்று சேர்ந்தது என்பதே உடனடி விளைவு, அதன் கசப்பை முதலில் சுவைத்தது கொரியா என்று.

போரின் வேர் 1895இல் இருக்கிறது. கொரியாவில் யாருடைய செல்வாக்கு நிலைக்க வேண்டும் என்பதற்காகச் சீனாவோடு போரிட்டு வென்ற ஜப்பான், அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஷிமொனோசெகி ஒப்பந்தத்தில் தைவானையும் லியாவோதுங் தீபகற்பத்தையும் 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளியையும் பெற்றது. கையெழுத்திட்ட ஒரு வாரத்துக்குள் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து, லியாவோதுங்கைத் திருப்பிக் கொடு என்று நெருக்கின. மூன்று வல்லரசுகளை எதிர்க்க முடியாத ஜப்பான் கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. மூன்றே ஆண்டுகளில், 1898இல், அதே தீபகற்பத்தின் முனையில் இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ரஷ்யா 25 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. சீனாவின் நலனுக்காக என்று சொல்லி ஜப்பானிடமிருந்து பிடுங்கியதைத் தானே வைத்துக்கொண்டது. ஜப்பானியப் பத்திரிகைகளும் பள்ளிகளும் இந்த அவமானத்தை ஒரு தலைமுறையின் மனத்தில் ஏற்றின. சீனாவிடம் பெற்ற நட்டஈட்டின் பெரும்பகுதி ராணுவத்துக்கும் கடற்படைக்கும் சென்றது.

ரஷ்யாவைக் கிழக்கே இழுத்து வந்தது ரயில். சைபீரியாவைக் கடந்து பசிபிக் கரையை எட்டும் ரயில்பாதைக்கு 1891இல் விளாதிவோஸ்தோக்கில் அடிக்கல் நாட்டப்பட்டது. பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் நேரில் கலந்துகொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜப்பானில் ஓட்சு நகரில் பாதுகாப்புக்கு நின்ற காவலர் ஒருவரே அவரை வாளால் வெட்டியிருந்தார். தலையில் தழும்போடுதான் அவர் அந்த விழாவுக்கு வந்தார். நிதியமைச்சர் செர்கேய் விட்டே பெரும்பாலும் பிரெஞ்சுக் கடனை நம்பி இந்தப் பாதையை வளர்த்தார். 1896இல் சீனாவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மஞ்சூரியாவின் குறுக்கே நேராகப் பாதை போட உரிமை கிடைத்தது. 1898க்குப் பிறகு ஹார்பினிலிருந்து தெற்கே போர்ட் ஆர்தர் வரை இன்னொரு கிளை. பாதை போட்டால் அதைக் காக்கக் காவற்படை வேண்டும். காவற்படை வந்தால் ஊர், வங்கி, சுரங்கம் எல்லாம் பின்தொடரும். 1900இல் சீனாவில் அந்நியருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சி வெடித்து ரயில்பாதை தாக்கப்பட்டதும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரஷ்யப் படையினர் மஞ்சூரியா முழுவதையும் பிடித்துக்கொண்டனர். மூன்று கட்டங்களாக வெளியேறுவதாக 1902இல் ரஷ்யா வாக்களித்தது. முதல் கட்டம் நடந்தது. 1903 ஏப்ரலில் நடக்க வேண்டிய இரண்டாவது கட்டம் நடக்கவே இல்லை.

கொரியாவில் அப்போது நடந்துகொண்டிருந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1895 அக்டோபர் 8 அன்று, ரஷ்யாவோடு நெருங்கத் தொடங்கியிருந்த அரசி மின்னை ஜப்பானியர்கள் சோல் நகர அரண்மனைக்குள் புகுந்து வெட்டிக் கொன்று உடலை எரித்தார்கள். உயிருக்கு அஞ்சிய அரசர் கோஜோங் நான்கு மாதங்கள் கழித்து ரஷ்யத் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்து ஓராண்டு அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். ஒரு நாட்டின் அரசர் தன் தலைநகரிலேயே அயல்நாட்டுத் தூதரகத்தில் ஒளிந்துகொண்டு ஆள வேண்டியிருந்தது. கொரியா எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1903 ஆகஸ்டில் பேச்சுவார்த்தை தொடங்கியது. மஞ்சூரியா உனக்கு, கொரியா எனக்கு என்பதுதான் ஜப்பான் முன்வைத்த பேரத்தின் சாரம். ரஷ்யா அதற்கும் முழுதாக இசையவில்லை. 39ஆம் இணைகோட்டுக்கு வடக்கே உள்ள கொரியா நடுநிலைப் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. அதே சமயத்தில் பெசொப்ராசோவ் என்னும் முன்னாள் படை அதிகாரியின் கூட்டம் ரஷ்யப் பேரரசரான ஜாரின் ஆதரவோடு யாலு ஆற்றின் கரையில் மரம் வெட்டும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு கொரிய எல்லைக்குள் காலூன்றிக்கொண்டிருந்தது. எச்சரித்த விட்டே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பதில்களை வாரக்கணக்கில் தாமதப்படுத்தினார். ஜப்பான் போருக்குத் துணியாது என்று நம்பினார். இந்த அலட்சியத்தின் அடியில் இருந்தது இனத் திமிர் என்றே நான் நினைக்கிறேன். ஜப்பானுக்கோ காத்திருக்க நேரமில்லை: ரயில்பாதை முழுமையடைந்துவிட்டால் ரஷ்யா எத்தனை படையை வேண்டுமானாலும் கொண்டுவந்து குவிக்கலாம். 1902 ஜனவரியில் பிரிட்டனோடு செய்துகொண்ட கூட்டணி, இன்னொரு வல்லரசு ரஷ்யாவின் பக்கம் சேர்ந்தால் பிரிட்டன் துணைக்கு வரும் என்ற உறுதியைத் தந்திருந்தது.

1904 பிப்ரவரி 8 இரவு, போர் அறிவிப்புக்கு முன்பே, ஜப்பானிய டார்பிடோ படகுகள் போர்ட் ஆர்தரில் நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல்களைத் தாக்கின. அதே நேரத்தில் ஜப்பானியத் துருப்புகள் கொரியாவின் இன்சோனில் இறங்கி சோலைப் பிடித்தன. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 23 அன்று, ராணுவத் தேவைக்கு வேண்டிய இடங்களை ஜப்பான் எடுத்துக்கொள்ளலாம் என்று கொரிய அரசு கையெழுத்திட வைக்கப்பட்டது. போரின் முதல் வெற்றி ரஷ்யா மீது கிடைக்கவில்லை, கொரியா மீது கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதைத் தொழில்யுகப் போர் என்று சொல்வதற்கான காரணங்களைப் போர்க்களத்தைவிட அதன் பின்புலத்தில் தேடுவது நல்லது. மாஸ்கோவுக்கும் போர்ட் ஆர்தருக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், அதுவும் ஒற்றைப் பாதை. நடுவே பைக்கால் ஏரியைச் சுற்றும் பகுதி இன்னும் முடிந்திருக்கவில்லை. கோடையில் படகில் ஏற்றிக் கடக்கலாம். போர் தொடங்கியதோ உறைபனிக் காலத்தில். உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் பதித்து, பெட்டிகளைக் குதிரைகளை வைத்து இழுத்தார்கள். படைவீரர்கள் கடுங்குளிரில் பனிச்சறுக்கு வண்டியிலும் நடந்தும் ஏரியைக் கடந்தார்கள். ஓர் எஞ்சின் பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. அந்தச் சுற்றுப்பாதை 1904 செப்டம்பரில்தான் திறந்தது. அதன் பிறகு ரஷ்யாவின் ஆள்பலம் மெல்ல மெல்லக் கிழக்கே வந்து சேர்ந்தது. போரின் முடிவில் மஞ்சூரியாவில் ரஷ்யாவின் படை ஜப்பானின் படையைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அதற்குள் சண்டைகளில் தோற்றுவிட்டிருந்தது.

போர்ட் ஆர்தர் முற்றுகையில்தான் இருபதாம் நூற்றாண்டின் போர்முறை தன் முகத்தைக் காட்டியது. கான்கிரீட் கோட்டைகள், முள்கம்பி வேலிகள், தேடுவிளக்குகள், இயந்திரத் துப்பாக்கிகள். ஜப்பானின் ஜெனரல் நோகி தன் வீரர்களை அலையலையாக இவற்றின் மீது ஏவினார். 1904 ஆகஸ்டில் நடந்த முதல் பெருந்தாக்குதலில் மட்டும் சில நாள்களில் சுமார் 15,000 பேர் இறந்தோ காயப்பட்டோ விழுந்தனர். பிறகு ஜப்பானின் கடலோரப் பாதுகாப்புக்கு நிறுத்தியிருந்த 28 சென்டிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். 203 மீட்டர் குன்று டிசம்பர் 5 அன்று விழுந்தது. அதன் உச்சியிலிருந்து குறிபார்த்து, துறைமுகத்துக்குள் ஒதுங்கிய ரஷ்யக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தார்கள். 1905 ஜனவரி 2 அன்று கோட்டை சரணடைந்தது. அதற்குள் ஜப்பானின் இழப்பு 60,000ஐ நெருங்கியிருந்தது. நோகியின் இரண்டு மகன்களும் இந்தப் போரில் மாண்டவர்களில் அடக்கம்.

ஜப்பானிய ராணுவத்தைக் கொன்றது தோட்டா மட்டுமல்ல. தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே முதன்மை உணவாகத் தந்ததால் பெரிபெரி நோய் படைமுகாம்களில் பரவியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் வீழ்ந்தார்கள். சுமார் 27,000 பேர் இறந்தார்கள். இதில் நெஞ்சைச் சுடும் உண்மை என்னவென்றால், கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1880களிலேயே உணவை மாற்றி, பார்லி சேர்த்து, கடற்படையில் அந்த நோயை ஏறக்குறைய ஒழித்துக் காட்டியிருந்தார். கிருமியே காரணம் என்று பிடிவாதமாக நம்பிய ராணுவத்தின் மருத்துவ மேலிடம் அதை ஏற்கவில்லை. வெள்ளைச் சோறு போடுவது படையில் சேர்ந்த ஏழை விவசாயி மகனுக்குக் கிடைக்கும் மரியாதையாகவும் கருதப்பட்டது.

1905 பிப்ரவரி 20 முதல் மார்ச் 10 வரை மஞ்சூரியாவின் முக்டென் நகரருகே நடந்த சண்டையில் இருபக்கமும் சேர்த்து ஆறு லட்சம் பேர் மோதினார்கள். உலகம் அதுவரை கண்ட மிகப் பெரிய தரைச்சண்டைகளில் ஒன்று அது. ஜப்பானுக்கு 70,000க்கும் மேல், ரஷ்யாவுக்கு அதைவிட அதிக இழப்பு. ரஷ்யப் படை வடக்கே பின்வாங்கியது. துரத்திச் சென்று முடிக்க ஜப்பானிடம் ஆளும் இல்லை, குண்டும் இல்லை.

மே 27, 28 நாள்களில் சுஷிமா நீரிணையில் நடந்ததைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பால்டிக் கடலிலிருந்து ஏழு மாதங்கள், 18,000 கடல் மைல் சுற்றி வந்த ரஷ்யக் கடற்படை ஒரே நாளில் சிதைந்தது. வழியில் வட கடலில் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டிருந்தது. ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் நிலக்கரிக் கப்பல்களை நம்பி மடகாஸ்கர், மலாக்கா நீரிணை, இந்தோசீனக் கரை என்று தட்டுத்தடுமாறி வந்திருந்தது. கிட்டத்தட்ட 5,000 ரஷ்யர்கள் இறந்தார்கள். ஜப்பான் தரப்பில் 117 பேர். எதிரியைக் கண்ட செய்தி ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் டோகோவுக்குக் கம்பியில்லாத் தந்தியில் சென்றது. அவருடைய மிகாசா உட்பட ஜப்பானின் பெரிய போர்க்கப்பல்கள் பிரிட்டனில் கட்டப்பட்டவை.

கப்பல் வாங்கிய பணமும் போர் நடத்திய பணமும் எங்கிருந்து வந்தன? போருக்கு ஜப்பான் செலவிட்டது சுமார் 170 கோடி யென். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்ற கடன்பத்திரங்களில் கிடைத்தது. ஜப்பான் வங்கியின் துணை ஆளுநர் தகாஹாஷி கொரேகியோ 1904இல் லண்டனில் கடன் தேடி அலைந்தபோது, ஒரு விருந்தில் சந்தித்த நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் பாதித் தொகையை ஏற்றுக்கொண்டார். ஷிஃப் யூதர். 1903இல் கிஷினேவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு ஜாரின் அரசை அவர் மன்னிக்கவே இல்லை. இன்னொரு பக்கம் ரஷ்யாவுக்குப் பாரிஸ் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. 1905 கோடையில் இரு தரப்புக்கும் கடன் ஊற்று வற்றத் தொடங்கியது. அமைதி வந்தது அதனால்தான்.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முயற்சியில் அந்நாட்டின் போர்ட்ஸ்மவுத்தில் செப்டம்பர் 5 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, கொரியாவில் ஜப்பானுக்கே மேலான உரிமை என்று ரஷ்யாவை ஒப்புக்கொள்ள வைத்தது. போர்ட் ஆர்தர் குத்தகை, சாங்சுன் வரையிலான தெற்கு மஞ்சூரிய ரயில்பாதை, சகலினின் தென்பாதி ஆகியவை ஜப்பானுக்குக் கிடைத்தன. நட்டஈடாக ஒரு காசும் கிடைக்கவில்லை. வெற்றிச் செய்திகளை மட்டுமே படித்து, வரி மேல் வரி கட்டி, மகன்களைப் பறிகொடுத்த டோக்கியோ மக்கள் அதே நாளில் ஹிபியா பூங்காவில் திரண்டு கொதித்தெழுந்தார்கள். நகரத்தின் போலீஸ் சாவடிகளில் பெரும்பாலானவை எரிந்தன; 17 பேர் இறந்தார்கள்; ராணுவச் சட்டம் வந்தது. ரஷ்யாவின் நிலை அதைவிட மோசம். ஜனவரி 22 அன்று பாதிரியார் கபோனின் தலைமையில் ஜாரிடம் மனுக் கொடுக்கச் சென்ற தொழிலாளர் ஊர்வலம் சுடப்பட்டது. ஜூனில் பொதெம்கின் கப்பலில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். அக்டோபரில் நாடு முழுக்க வேலைநிறுத்தம். ஜார் பாராளுமன்றம் தருவதாக அறிக்கை விட வேண்டியதாயிற்று. ரூஸ்வெல்ட்டுக்கு மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு.

போர்ட்ஸ்மவுத் மேசையில் கொரியாவுக்கு நாற்காலி இல்லை. பின்னாளில் தென்கொரியாவின் முதல் அதிபரான இளம் சிங்மன் ரீயும் ஒரு கொரியப் பாதிரியாரும் ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டை அவருடைய வீட்டில் சந்தித்து, 1882 உடன்படிக்கையில் கொரியாவுக்காகப் பேசி உதவுவதாக அமெரிக்கா கொடுத்த வாக்கை நினைவூட்டினார்கள். தூதரகம் வழியாக மனுவை அனுப்புங்கள் என்று அன்போடு அனுப்பிவைத்தார் அதிபர். அதற்குச் சில நாள்களுக்கு முன்பே அவருடைய போர் அமைச்சர் டாஃப்ட் டோக்கியோவில் ஜப்பானியப் பிரதமர் கட்சுராவோடு பேசி முடித்திருந்தார்: பிலிப்பைன்ஸ் அமெரிக்காவுக்கு, கொரியா ஜப்பானுக்கு. ஆகஸ்ட் 12 அன்று புதுப்பிக்கப்பட்ட ஆங்கிலோ–ஜப்பானியக் கூட்டணியிலும் இதே கணக்குதான். கொரியாவில் ஜப்பானின் கட்டுப்பாட்டை பிரிட்டன் ஏற்றது. பதிலுக்கு, தன் இந்திய உடைமைகளைக் காக்க எல்லையருகே பிரிட்டன் எடுக்கும் நடவடிக்கைகளை ஜப்பான் ஏற்றது. ஜப்பானின் வெற்றியை இந்தியர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இந்தியா பிரிட்டனின் சொத்து என்று ஜப்பான் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவை நம் பாடநூல்கள் சுஷிமாவுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 17 அன்று ஜப்பானின் முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபூமி சோல் அரண்மனையைச் சுற்றிப் படையை நிறுத்திக்கொண்டு கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தத்தை அமைச்சர்களிடம் எழுதி வாங்கினார். 1907இல் ஹேக் அமைதி மாநாட்டுக்கு கோஜோங் இரகசியமாக அனுப்பிய மூன்று தூதர்களை உள்ளே விடவில்லை. அந்தக் குற்றத்துக்காக அரசரையே பதவி இறக்கினார்கள். அதே ஜூலையில் ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவைத் தங்களுக்குள் வடக்கு, தெற்கு என்று இரகசியமாகப் பிரித்துக்கொண்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பலிகொடுத்த பகை இரண்டே ஆண்டில் பங்காளி உறவாகிவிட்டது.

1909 அக்டோபர் 26 அன்று, ரஷ்யா கட்டிய அந்த ரயில்பாதையின் ஹார்பின் நிலையத்தில், ஆன் ஜுங்கன் என்ற கொரிய இளைஞர் இதோவைச் சுட்டுக் கொன்றார். போர்ட் ஆர்தர் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தபோது அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை, இந்தப் போரைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிகவும் வலி நிறைந்த சான்று. கிழக்கின் அமைதிக்காகவும் கொரியாவின் விடுதலைக்காகவும் போரிடுவதாக ஜப்பானியப் பேரரசர் அறிவித்ததை நம்பி, கொரியர்களும் சீனர்களும் ஜப்பானியப் படைக்குச் சுமை தூக்கினார்கள், பாதை போட்டார்கள், உளவு சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். சுஷிமாவைக் கண்டு கொல்கத்தாவிலும் சென்னையிலும் மகிழ்ந்தவர்களின் நம்பிக்கையும் அவருடைய நம்பிக்கையும் ஒன்றுதான். ஏமாற்றத்தின் விலை மட்டும் வேறு. 1910 மார்ச் 26 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். ஆகஸ்டில் கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டது.

ஐரோப்பா இந்தப் போரிலிருந்து தவறான பாடத்தைக் கற்றது. பிரிட்டனின் இயன் ஹாமில்டன், ஜெர்மனியின் மாக்ஸ் ஹாஃப்மன் போன்ற பார்வையாளர்கள் மஞ்சூரியாவில் பதுங்குகுழியையும் முள்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் கண்ணால் கண்டார்கள். ஆனால் அறிக்கைகளைப் படித்த தலைமையகங்கள் எடுத்துக்கொண்ட முடிவு, இழப்பைப் பொருட்படுத்தாத மன உறுதி இருந்தால் எந்த அரணையும் உடைக்கலாம் என்பது. ஜப்பான் வென்றதே அதற்குச் சான்றாகிவிட்டது. பத்தாண்டுக்குள் ஹாமில்டன் துருக்கியின் கல்லிப்போலியில் அதே சுவரில் மோதினார். ரஷ்யாவோ கிழக்கில் வழி அடைபட்டதால் பால்கன் பக்கம் திரும்பியது. ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்ட 1908 நெருக்கடியில் பலவீனத்தால் பணிந்த அவமானம், 1914இல் மறுபடி பணிய மாட்டோம் என்ற பிடிவாதமாக மாறியது. முதல் உலகப்போருக்கான காரணங்களைப் பட்டியலிடுபவர்கள், ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரஜேவோவோடு முக்டெனையும் சேர்த்துக்கொள்வது நியாயம்.

மஞ்சூரியாவில் ரயில்பாதையைக் காக்க ஜப்பான் நிறுத்திய படைதான் பின்னர் குவாண்டுங் படையாக வளர்ந்து 1931இல் முக்டென் அருகே தண்டவாளத்தில் தானே குண்டு வைத்து, அதைச் சாக்காகக் கொண்டு மஞ்சூரியாவை விழுங்கியது. 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் யால்டா மாநாட்டில், 1904இல் ஜப்பானின் துரோகத் தாக்குதலால் ரஷ்யா இழந்த உரிமைகளை மீட்டுத் தர வேண்டும் என்று ஸ்டாலின் எழுதி வாங்கிக்கொண்டார். ஜப்பான் சரணடைந்த செப்டம்பர் 2 அன்று ஆற்றிய உரையில், பழைய தலைமுறையினரான நாங்கள் இந்த நாளுக்காக நாற்பது ஆண்டுகள் காத்திருந்தோம் என்றார்.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38ஆம் இணைகோட்டில் கொரியாவை இரண்டாகப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரான டீன் ரஸ்க் பின்னாளில் வெளியுறவு அமைச்சரானார். ரஷ்யாவும் ஜப்பானும் அந்த நாட்டை இப்படிக் கோடு போட்டுப் பங்கிட முன்பே பேசியிருந்தது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வேறு கோட்டைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்று அவர் பிறகு எழுதினார். 1903இல் கேட்காததைப் போலவே 1945இலும் கொரியர்களை யாரும் கேட்கவில்லை.